எழுத்துரு மறைந்த பின்: தமிழ் வலைத்தளங்களின் முதல் இடப்பெயர்வு

பெங்களூரின் வடமேற்கே உள்ள பீன்யா தொழிற்பேட்டை 1970களில் உருவானது. அங்குள்ள ஒரு லேத் பட்டறையில் கடையப்படும் போல்ட்டும் நான்கு தெரு தள்ளி வேறொருவர் கடையும் நட்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. மரையின் கோணமும் இடைவெளியும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உலகம் முன்பே பேசி முடித்துவிட்டது. அந்தப் பேச்சு எளிதில் முடிந்ததன்று. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வேரூன்றியதோ 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போன பிறகே, 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு உடன்பட்டன.

மரைக்கு உடன்பாடு ஏற்பட்டு அரை நூற்றாண்டு கழிந்த நிலையிலும் கணினித் திரையில் தமிழ் எழுத்துக்கு அத்தகைய உடன்பாடு இருக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், 2000ஆம் ஆண்டு வாக்கில் பீன்யாவின் ஒரு பிரவுசிங் சென்டரில் அமர்ந்து ஊர்ச்செய்தி படிக்க முயன்றிருந்தால், முதலில் அந்த நாளிதழின் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவியிருக்க வேண்டும். அடுத்த நாளிதழுக்கு அடுத்த எழுத்துரு. நிறுவும் உரிமை அந்தக் கணினியில் இல்லையெனில், திரையில் தெரிவது ஐரோப்பிய மொழிகளின் கொம்பும் கொக்கியும் வைத்த எழுத்துகளின் குவியல்தான். அந்தக் குவியலுக்குள் முழுச் செய்தியும் இருந்தது, படிக்கத்தான் வழியில்லை.

தமிழ் வலைத்தளங்கள் இந்நிலையிலிருந்து ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, இடம்பெயர்ந்த வரலாறு பொதுவாக ஒரு தொழில்நுட்ப வெற்றியாகவே சொல்லப்படுகிறது. அது வெற்றிதான். ஆயினும் எவை வந்து சேர்ந்தன, எவை வழியில் விழுந்தன, வந்து சேர்ந்தவை எந்த நிலையில் வந்தன என்னும் கேள்விகள் மென்பொருள் வல்லுநர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. 1995க்கும் 2005க்கும் இடைப்பட்ட தமிழ்ச் சிந்தனையை ஆராய முற்படும் எவருக்கும் இவை மூலபாடம் பற்றிய கேள்விகள்.

தொடக்கம் சிங்கப்பூரில். 1995 அக்டோபரில் அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஒரு வலைத்தளத்தை அன்றைய குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் எழுத்து தோன்றிய முதல் தளங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதன் பின்னே இருந்தவர்களுள் ஒருவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவரே 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ்நெட் '97 மாநாட்டைக் கூட்டினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். ஈழத்தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் 'பாமினி' எழுத்துரு பரவியது.

இந்த எழுத்துருக்கள் அனைத்தும் ஒரே உத்தியில் இயங்கின. அக்காலக் கணினி ஓர் எழுத்துக்கு ஒரு பைட் மட்டுமே ஒதுக்கியது. ஆகவே மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் உரியவை. எழுத்துருவை அமைப்பவர் ஏதோ ஓர் இடத்திலிருந்த ரோமன் வடிவத்தை நீக்கிவிட்டு அங்கே தமிழ் வடிவத்தை வைத்தார். கணினிக்கு இம்மாற்றம் தெரியாது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தோன்றுவது, கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும் வரை அது தாய். எழுத்துரு போனால் பொருளற்ற ஐந்து குறிகள். மொழி கோப்பில் இல்லை, வாசிப்பவரின் கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருவில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதில் மற்றொரு நுட்பமான குறையும் இருந்தது. ஒரு வலைப்பக்கம் தான் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதை உலாவிக்கு அறிவிக்க வேண்டும். பழைய தமிழ்ப் பக்கங்களுக்கு அறிவிக்க ஒரு பெயர் இல்லை. சில பக்கங்கள் தம்மை மேற்கு ஐரோப்பிய மொழிப் பக்கம் என்றே அறிவித்துக்கொண்டன. சில 'பயனர் வரையறுத்தது' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டன. உண்மையான அடையாளம் வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது: எந்த எழுத்துருவில் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு நிரல்வரியில். இந்த வரி பின்னர் முக்கியமாகிறது.

எழுத்துருக்கள் பெருகிய நிலையில் பொதுத் தரநிலைக்கான முயற்சிகள் இரண்டு வழியில் நடந்தன. 1997 முதல் மின்னஞ்சல் குழுக்களில் பல நாட்டுத் தமிழர் விவாதித்து உருவாக்கியது திஸ்கி. அரசு சார்ந்த முயற்சி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து வந்தது. அதன் விளைவாகத் தமிழ் 99 விசைப்பலகையும், ஒருமொழிக்கான டாம், இருமொழிக்கான டாப் என்னும் இரு குறியேற்றங்களும் கிடைத்தன. விசைப்பலகை நிலைத்தது, குறியேற்றங்கள் நிலைக்கவில்லை.

இம்முயற்சிகளின் எல்லையை உணர்த்தத் திஸ்கியின் இகரம் ஒன்றே போதும். தொடக்கப் பதிப்பில் 'இ' எழுத்து வைக்கப்பட்ட 173ஆம் இடம், உலகத் தரநிலையில் கண்ணுக்குத் தெரியாத இடைக்கோட்டுக்கு உரியது. அதை அவ்வாறே கருதிய மென்பொருள்களில் 'இ' மறைந்துபோயிற்று. எனவே பிந்திய பதிப்பில் இகரத்துக்கு வேறோர் இடம் தரப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு திஸ்கிக் கோப்பைத் திறக்கும் ஆய்வாளர், அது திஸ்கி என்று அறிந்தால் மட்டும் போதாது. எந்தப் பதிப்பின் திஸ்கி என்றும் அறிய வேண்டும்.

எழுத்துருவை நிறுவும் தொல்லையை நீக்கவென்று 1997இல் ஒரு குறுக்குவழி வந்தது. பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் இறங்கும் 'இயங்கு எழுத்துரு' அது. நெட்ஸ்கேப் 4 உலாவி பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வடிவத்தை ஏற்றது; மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 தனக்கென வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தது. தமிழ் இதழ்கள் இவற்றை ஆர்வத்தோடு ஏற்றன. பிரவுசிங் சென்டரில் எதையும் நிறுவாமலே தமிழ் தெரிந்தது. ஆனால் அந்த வசதி உலாவியின் தயவில் நின்றது. 2000இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 6 பிட்ஸ்ட்ரீம் வடிவத்தைக் கைவிட்டது. 2004 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் இவ்விரண்டில் எதையும் ஏற்கவில்லை. எனவே புதிய உலாவிக்கு மாறிய வாசகருக்குப் பழைய தமிழ்த்தளம் மீண்டும் குறிகளின் குவியலாயிற்று. தளத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. அதன் அடியில் இருந்த மென்பொருள்தான் நகர்ந்துவிட்டது.

ஒருங்குறி புதிதாக வந்ததன்று. இந்தியாவின் இஸ்கி தரநிலையை அடியொற்றி, தமிழுக்கு 128 இடங்களோடு 1991இலேயே முதற்பதிப்பில் இடம் பெற்றிருந்தது. ஆயினும் தமிழர் பத்தாண்டுக் காலம் அதை ஏற்காமல் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, அதைக் காட்டும் இயங்குதளம் இல்லை. விண்டோஸ் 2000தான் மைக்ரோசாஃப்ட்டின் இயங்குதளங்களில் முதலில் தமிழ் ஒருங்குறியை முறையாகக் காட்டியது. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் அவ்வசதியைத் தனியே இயக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, கொள்கை சார்ந்த மறுப்பு. தமிழின் உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் தராமல் மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து அமைப்பது தமிழின் இயல்புக்குப் பொருந்தாது என்று பலர் வாதிட்டனர். அந்த வாதத்தின் தொடர்ச்சியே டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றம். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்றபோது டேஸ் 16ஐயும் மாற்றுத் தரநிலையாக அறிவித்தது.

அதற்கு முன்பே நடைமுறை முடிவெடுத்துவிட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியில் வளர்ந்தது. 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி வலைப்பதிவுகளை ஒன்றுசேர்த்தது. இரண்டையும்விட வலிய காரணம் தேடுபொறி. பாமினியிலோ திஸ்கியிலோ இருக்கும் கட்டுரையைத் தமிழில் தட்டச்சிட்டுத் தேடினால் கிடைக்காது. தேடுபொறிக்கு அது தமிழே அன்று. இவ்வாறு மாறாதிருந்த தளம் முதலில் தேடலில் மறைந்தது. பின்னர் உலாவியிலும் மறைந்தது.

மாற்றும் பணி எத்தகையது? குறிக்குக் குறி பட்டியலிட்டு மாற்றினால் முடிந்துவிடும் என்று தோன்றும். பழைய எழுத்துருக்கள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன: 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு. எனவே மாற்றி நிரல், துண்டுகளை இடம்மாற்றி ஒன்றுசேர்க்க வேண்டும். கொம்புக்கும் ககரத்துக்கும் இடையே ஒரு வரிமுறிவு விழுந்திருந்தால் எழுத்து சிதையும். 'கௌ' என்னும் எழுத்தின் இறுதித் துண்டும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. அதனால் 'கௌரவம்' பல பக்கங்களில் 'கெளரவம்' ஆயிற்று. திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. பாமினிப் பக்கத்தில் இடையே வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குறிகள் என்றே கொள்ளப்பட்டுப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாயின. மேற்கோளிட்ட ஓர் ஆங்கில நூலின் பெயர் இவ்வாறு அழிந்திருந்தால், மூலம் இல்லாமல் அதை மீட்பது அரிது.

சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இப்பணியை எல்லோர்க்கும் எட்டச் செய்தன. அக்கருவிகள் இல்லையேல் முதல் பத்தாண்டின் பெரும்பகுதி இன்று வாசிக்கக் கிடைத்திராது. எனினும் கருவி செய்தது பெயர்ப்பு மட்டுமே. பெயர்த்ததை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். தளங்களின் தலைவிதி அந்த ஆளைப் பொறுத்தே அமைந்தது.

மதுரைத் திட்டத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வத் திட்டம், தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கியது. அதன் முதல் பதிப்பு திருக்குறள். தொடக்கத்தில் தனி எழுத்துருக்கள், பின்னர் திஸ்கி, பின்னர் ஒருங்குறி என அத்திட்டத்தின் நூல்கள் குறியேற்றம் மாறி வந்துள்ளன. அது பிழைத்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். நூல்கள் ஒவ்வொன்றும் எண்ணிட்ட தனிக்கோப்பாக இருந்தன. தளத்தின் அலங்காரத்தோடு பின்னிக் கிடக்கவில்லை. எந்தக் கோப்பு எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. மூன்றாவதாக, தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் பதிப்பின் முகப்பிலேயே இடம் பெற்றன. யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இம்மூன்றும் இல்லாத இடங்களில் நேர்ந்தது வேறு. 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. தனிமனிதர்கள் இலவசமாக அமைத்த பக்கங்கள் அங்கே குவிந்திருந்தன; தமிழர் அமைத்தவையும் அவற்றுள் அடங்கும். 2019 இறுதியில் யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் நீக்கப்படலாயின. 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றது. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற குழுமங்களில் நடந்த இலக்கிய விவாதங்கள், இன்றைய எழுத்தாளர் பலரின் தொடக்க எழுத்துகள், ஒருங்குறிக்கு முந்திய குறியேற்றங்களிலும் எழுதப்பட்டவை. தனிமனிதர் எவரேனும் தம் வட்டில் சேமித்து வைத்திருந்தால் உண்டு. 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேகரிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பகுதி கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தாலும் எழுத்துரு உடன் வராவிடில் கிடைப்பது குறிகளின் குவியலே. சேமிப்பதும் வாசிக்கத்தக்கதாக வைத்திருப்பதும் இருவேறு பணிகள்.

இன்னும் வருந்தத்தக்கது, நல்லெண்ணத்தோடு செய்த புதுப்பிப்பால் நேர்ந்த இழப்பு. எழுத்துருப் பெயரைத் தாங்கிய அந்த நிரல்வரியை 1990களின் இறுதியிலேயே வலைத் தரநிலைகள் காலங்கடந்தது என அறிவித்துவிட்டன. எனவே பழைய தளத்தைப் புதிய மென்பொருளுக்கு ஏற்றும்போது, தூய்மைப்படுத்தும் நிரல்கள் அந்த வரியை முதலில் நீக்கும். ஆங்கிலத் தளத்தில் அதனால் தீங்கில்லை. பழைய தமிழ்ப் பக்கத்தில் அந்த ஒரு வரிதான், உள்ளே இருப்பது பாமினியா, திஸ்கியா, டாப்பா என்பதற்கான ஒரே சாட்சி. மற்றொரு வகை இழப்பும் உண்டு: மேற்கு ஐரோப்பிய மொழி என்று பதிந்திருந்த தரவுத்தளத்தை ஒருங்குறிக்கு ஏற்றினால், உள்ளிருந்த திஸ்கி எழுத்துகள் ஒருங்குறியிலுள்ள ஐரோப்பிய எழுத்துகளாகப் பத்திரமாக மாறிவிடும். எல்லாம் சரியாக முடிந்ததாகக் கணினி அறிவிக்கும். தமிழ் மட்டும் அங்கே இராது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பீன்யா இருக்கும் அதே நகரில், கன்னட கணக பரிஷத் உருவாக்கிய நுடி மென்பொருளைக் கர்நாடக அரசு தன் அலுவலகங்களில் பயன்படுத்தியது. பரஹா மென்பொருளும் பரவலாக வழங்கியது. அக்காலத்து நுடிக் கோப்புகளும் குறியேற்றம் மாற்றப்பட்டால்தான் இன்று தேடத்தக்கவை ஆகும். அங்கும் ஒத்து, வடிவங்களின் வரிசை, மாற்றியபின் மெய்ப்பு என்னும் சிக்கல்கள் உண்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான இந்த அனுபவம் ஒப்பியல் ஆய்வுக்கு உரிய களம். அது இன்னும் போதிய அளவு உழப்படவில்லை.

ஏட்டுச்சுவடி மரபில் பெயர்த்தெழுதுவது இழிவான வேலையாகக் கருதப்பட்டதில்லை. ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் எழுதினர். பல சுவடிகளின் இறுதியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் காணப்படுகின்றன. அக்குறிப்பின் துணைகொண்டே பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை எடைபோட்டனர். 2000களில் குறியேற்றம் மாற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. மூலம் எந்தக் குறியேற்றம், எக்கருவியால் எப்போது மாற்றப்பட்டது, யார் ஒப்புநோக்கினார் என்பவை தெரியாமலே அவை ஆய்வேடுகளில் மேற்கோளாகின்றன. ஒரு சொல்லின் வழக்கையோ எழுத்துக்கூட்டலின் மாற்றத்தையோ அவற்றைக் கொண்டு நிறுவும் ஆய்வாளர், ஆசிரியரின் வழக்கை ஆராய்கிறாரா, மாற்றி நிரலின் பிழையை ஆராய்கிறாரா என்பதே ஐயத்துக்குரியது.

செய்ய வேண்டியது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. பழைய தளத்தைப் புதுப்பிக்கும் பல்கலைக்கழகத் துறையோ இதழோ அமைப்போ, மூலக்கோப்புகளை மாற்றாமல் ஒரு படி தனியே வைக்க வேண்டும். எழுத்துருக் கோப்பையும் அதனுடன் வைக்க வேண்டும். மாற்றிய ஒவ்வொரு பக்கத்திலும் மூலக் குறியேற்றம், கருவி, நாள், ஒப்புநோக்கியவர் ஆகியவற்றை இரண்டு வரியில் குறிக்க வேண்டும். ஆய்வு மாணவரும் பழைய மின்மூலத்தை மேற்கோள் காட்டும்போது இவற்றைக் குறிப்பது வழக்கமாக வேண்டும்.

பீன்யாவின் பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஒரு பழைய இயந்திரம் வந்தால், அனுபவமுள்ள தொழிலாளி உடனே புது மரை வெட்டுவதில்லை. மரை அளவியை எடுத்துப் பழைய மரையின் பற்களில் ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்க்கிறார். 55 பாகையா, 60 பாகையா என்று தெரிந்த பிறகே கருவியில் கை வைக்கிறார். 1995 முதல் 2005 வரையிலான தமிழ் இணையத்தின் எஞ்சிய பக்கங்களுக்கும் அந்த முதல் வேலை பாக்கியிருக்கிறது. அப்பக்கங்களை எழுதியவர்களும் அமைத்தவர்களும் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். கேட்டுக் குறித்துவைக்க ஏற்ற காலம் இதுவே.